ஒரு நாள் மழை

கட்கி, புனே
8 அக்டோபர் 2024

தம்பி முகுந்துக்கு அக்கா அகல்யா எழுதுவது.

உன் கம்பெனி உன் மாமாவைக் கொன்றது. கொன்றுவிட்டு, அவர் குடித்திருந்தார் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறது.

நீயும் காவ்யாவும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அவளுக்கு வாந்தி நின்றதா? மோரில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொல். இங்கே நானும் தீபாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம். அதற்கு மேல் எங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

உன் பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. காரியம் முடிவதற்குள் உன்னைக் கோயம்புத்தூருக்கு மாற்றிவிட்டார்கள். கட்கி பஜாரில் பிறந்து வளர்ந்தவன், தமிழ்நாட்டை இரண்டு கல்யாணத்துக்கு மட்டும் போய்ப் பார்த்தவன், திடீரென்று அந்த ஊருக்கு மிகவும் தேவைப்பட்டுவிட்டான். தாபோடிக்குப் போய்க் காவ்யாவின் அம்மாவிடம் உன் ஆபீஸ் விலாசம் வாங்கினேன். நம்பர் கேட்டதற்கு அவர் சமையலறைக்குள் போய்விட்டார். பரவாயில்லை. காகிதத்தில் இருந்தால்தான் விசாரணையில் எடுப்பார்கள் என்கிறார் தங்கராஜ் அண்ணன். அப்பாவோடு தொழிற்சாலை யூனியனில் இருந்தவர். இப்போது நம் கேஸுக்காக அலைவது அவர் ஒருவர்தான்.

உன் மாமா தோட்ட வேலை பார்த்த கோந்த்வா அடுக்குமாடிச் சொசைட்டியும் உன் கம்பெனியும் சேர்ந்து கொடுத்த ரிப்போர்ட் இங்கிலீஷில் வந்தது. விமான் நகரில் நான் சமைக்கப் போகும் வீட்டு சுப்ரஜா மேடத்திடம் கொடுத்தேன். அவர் கடைசிப் பக்கம் வரை படித்தார். பிறகு, "அக்கா, இதெல்லாம் வழக்கமா எழுதறதுதான்" என்றார். வழக்கமாக என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன். போதையில் இருந்த தோட்டக்காரர் ஜெகதீசன், எச்சரிக்கைப் பலகையை மதிக்காமல், தானாகவே குளத்தில் இறங்கி, கரண்ட் அடித்து இறந்தார். அதைச் சொல்லிவிட்டு, தோசை மாவை ஃபிரிட்ஜில் வைக்க மறக்காதீர்கள் என்றார்.

உன் மாமா குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். குடித்தால் பழைய இந்திப் பாட்டுப் பாடுவார், எதிர்வீட்டு வாளியை உதைப்பார், திங்கட்கிழமை நான் போய் வாளிக்கு மன்னிப்புக் கேட்பேன். அவர் செத்தது வியாழக்கிழமை. ஆனால் கணபதி விழா நாட்கள் முழுக்க அவர் கோந்த்வாவில் பம்ப் ரூமிலேயே படுத்தார். அன்று காலை நான் அவரைப் பார்க்கவில்லை. குடிக்கவில்லை என்று சொல்ல என்னால் முடியாதாம். வாட்ச்மேன்கள் சொல்லச் சொன்னதைச் சொல்கிறார்கள்.

நீ எழுத வேண்டியது கொஞ்சம்தான். குளத்துப் பம்பை ஓட்டும் அந்தப் பெட்டியைப் பொருத்தியது நீ. பெட்டியைச் சொசைட்டி சேர்மன் ஆபீஸில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், குளத்தருகில் ஒரு சுவிட்சாவது வேண்டும் என்று நீ கேட்டாய், உங்கள் மேனேஜர் வசந்தகுமார் வேண்டாம் என்றான். இதை என் வீட்டில் சோறு தின்றுகொண்டே சொன்னாய். அதையே எழுதி, கீழே உன் பெயரைப் போடு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
அகல்யா


கோயம்புத்தூர்
26 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் தீபாவும் தைரியமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். காவ்யாவுக்கு வாந்தி குறைந்திருக்கிறது. நீ சொன்ன மோர் நல்லதாக இருக்கிறது.

இங்கே புனே மாதிரி குளிர் இல்லை. வீடு மாடியில், காற்று வரும். வேலை அதிகம். வாரத்தில் நான்கு நாள் வெளியூர். தென்னந்தோப்புகளுக்குச் சொட்டு நீர் பெட்டிகள் பொருத்துகிறோம். நான் பேசும் தமிழைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். "எந்த ஊர் தம்பி நீங்க?" என்று கேட்காத ஆள் இல்லை.

அக்கா, ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆபீஸ் விலாசத்துக்கு எழுத வேண்டாம். புனே ஆபீஸில் தமிழ்க் கடிதம் மேஜைமேல் கிடந்தாலும் யாருக்கும் படிக்கத் தெரியாது. இங்கே வாசலில் நிற்பவர் முதல் எல்லோருக்கும் தெரியும். உன் கவர் ஓரம் பிரிந்திருந்தது. வீட்டு விலாசத்தைப் பின்னால் எழுதியிருக்கிறேன்.

தீபாவுக்குத் தீபாவளிக்கு ஒரு சுடிதார் அனுப்பியிருக்கிறேன். அளவு காவ்யா சொன்னது. பெரிதாக இருந்தால் பிடித்துக்கொள்ளலாம்.

மற்றதை நேரில் பார்க்கும்போது பேசுவோம். தங்கராஜ் அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி
முகுந்த்


கட்கி, புனே
10 நவம்பர் 2024

தம்பி முகுந்துக்கு,

காவ்யா தேறி வருவது சந்தோஷம். எனக்கு முதுகுவலி, வழக்கமானதுதான். தீபாவுக்குச் சளி. தீபாவளி எங்களுக்கு இல்லை என்பதால் பார்சலை அவள் பிரிக்கவில்லை. அலமாரியில் இருக்கிறது.

பம்ப் ரூமில் உன் மாமாவின் சாமான்கள் இருக்கின்றன, அடுத்த ஆள் வருவதற்குள் எடுத்துக்கொள் என்று கோந்த்வாவிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். போனேன். ஒரு போர்வை, ஸ்வெட்டர், டிபன் டப்பா. அவர் போன் தண்ணீரில் போய்விட்டதாம்.

குளத்தையும் பார்த்தேன். விளிம்பு வரை நிரம்பி இருக்கிறது. சிவப்பு மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. காதில் வயர் மாட்டிய பெண்கள் சுற்றிச் சுற்றி நடக்கிறார்கள். கீழே, இங்கே பாத்திரம் தேய்க்க வரும் பெண்கள் தாண்டி வரும் குடிசைப் பஸ்தியில், குழாய்க்கு வரிசை நிற்கிறது. இங்கே குளம் கால் அடி குறைந்தால் பெட்டிக்குப் பொறுக்காது.

குளத்தின் கரையில், அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே, ஒரு கம்பம் நட்டு அதில் சிவப்பு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை.

சேர்மன் என்னை உட்காரவைத்துக் காகிதக் கப்பில் டீ கொடுத்தார். இந்த சுவிட்ச் எப்போது வைத்தீர்கள் என்று இந்தியில் கேட்டேன். "யே தோ பெஹலே ஸே ஹை, தாயி" என்றார். முதலிலிருந்தே இருக்கிறதாம். அப்படியென்றால் அவர் ஏன் அதை அணைக்கவில்லை என்றேன். சேர்மன் என்னைப் பாவமாகப் பார்த்தார். "நஷே மே ஆத்மீ க்யா தேக்தா ஹை?" என்றார். போதையில் இருப்பவன் கண்ணுக்கு என்ன தெரியும்.

எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது பார். சுவிட்ச் இருந்தது, ஆள் குடித்திருந்தான். இரண்டு பொய்யும் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு நிற்கின்றன. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன். இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வருவதற்குள் இருட்டிவிட்டது.

அந்தக் கம்பம் அங்கே இருந்ததில்லை என்று சொல்லக்கூடியவன் நீ. இன்னொன்றும் எழுது. குளத்தைக் காலி செய்து சுத்தம் செய்துகொண்டிருந்தபோது பம்ப் எப்படித் தானாக ஓடியது? தங்கராஜ் அண்ணன் கேட்கிறார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நம் அம்மாவுக்குச் சொல்வது மாதிரி புரியும்படி எழுது.

காவ்யாவைப் பளு தூக்கவிடாதே.

அக்கா


கோயம்புத்தூர்
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முதுகுவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது புனே வந்தால் கொடுத்தனுப்புகிறேன். தீபாவின் சளி போயிற்றா? காவ்யாவுக்கு ஆறாம் மாதம். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்.

நீ கேட்டது. அது குளத்துக்காகச் செய்த பெட்டி இல்லை, அக்கா. புல்தரைக்குத் தண்ணீர் விடுகிற பெட்டி. விலை குறைவு என்பதால் குளத்துக்கும் அதையே வைப்பது வழக்கம். அதில் தினமும் ஒரு நேரம் குறிக்கப்பட்டிருக்கும், அந்த நேரம் வந்தால் பம்ப் ஓடும். மழை பெய்தால் ஓடக் கூடாது என்பதற்காக ஒரு மழைக் கருவி மாட்ட அதில் இடம் உண்டு. அந்த இடத்தில் ஒரு மிதவை மாட்டப்படும். குளம் நிரம்பியிருந்தால் மிதவை எழும், மழை பெய்வதாகப் பெட்டி நினைத்துக்கொள்ளும், பம்ப் ஓடாது. குளம் குறைந்தால் மிதவை இறங்கும், மழை இல்லை என்று பம்ப் ஓடும். சுத்தம் செய்யக் குளம் காலி செய்யப்பட்டாலும் பெட்டிக்கு அது வறட்சிதான்.

சுத்தம் செய்யும்போது பெட்டி முழுக்க அணைக்கப்பட வேண்டும். அல்லது போன் வழியாக மழை நிறுத்தம், அதாவது மழை பெய்கிறது, ஓடாதே என்று பெட்டிக்குச் சொல்கிற குறிப்பு, போடப்பட வேண்டும். அது ஒரு நாள் இருக்கும், பிறகு தானாக விலகிவிடும். யாராவது மறந்துபோய்ப் புல் காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள்.

தங்கராஜ் அண்ணனுக்கு இவ்வளவு போதும் என்று நினைக்கிறேன்.

மாமாவை நினைக்காத நாள் இல்லை. தீபாவைக் கபடி டீமில் எடுத்துவிட்டார்கள் என்று அவருக்கு எவ்வளவு பெருமை. "எம்பொண்ணு கால புடிச்சான்னா எவளும் தப்பிக்க முடியாதுடா" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு காதிலேயே இருக்கிறது. அவள் விளையாட்டை விட்டுவிடக் கூடாது. நான் சொன்னதாகச் சொல்.

உன் தம்பி
முகுந்த்


கட்கி, புனே
15 டிசம்பர் 2024

தம்பி முகுந்துக்கு,

தைலம் வேண்டாம், இங்கேயே கிடைக்கிறது. குளிர் இறங்கிவிட்டது. தீபாவின் சளி நெஞ்சுக்குப் போய்த் திரும்பியது. காவ்யா நலமாக இருக்கட்டும்.

உன் கடிதத்தில் பெட்டி நினைக்கிறது, பம்ப் ஓடுகிறது, மிதவை இறங்குகிறது. மனுஷர்கள் ஒருவரும் இல்லை. அதைப் பிறகு பேசுவோம்.

கபடி டீம் பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் ஒட்டியது புதன்கிழமை சாயங்காலம். தீபா வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம்கூட உடனே சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்தபின் அப்பாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அவர் தூங்கிவிட்டார். வியாழக்கிழமை விடிந்த பிறகுதான் அதைக் கேட்டிருக்கிறார். தீபாவின் போனில் அந்த டிக் நீலமான நேரம் இருக்கிறது, நூறு தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். கேட்டுவிட்டு ஏன் ஒரு பதில்கூடப் போடவில்லை என்று அப்பாமேல் இத்தனை நாள் கோபமாக இருந்தாள்.

அதைக் கேட்ட கொஞ்ச நேரத்தில் அவர் குளத்தில் இறங்கிவிட்டார். இறங்கியவர் ஏறவில்லை.

அவர் உன்னிடம் எப்போது சிரித்தார், முகுந்து?

நீ துக்கத்துக்கு வந்து நாலு மணி நேரம் சுவரோடு உட்கார்ந்திருந்தாய். அன்று காலை பேசினேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் கடிதத்தைத் தீபாவிடம் படித்துக் காட்டினேன். "முகுந்து மாமாகிட்ட பப்பா சொன்னாரா?" என்று கேட்டுவிட்டு வெளியே போய் நின்றாள்.

பதில் எழுது.

அக்கா


கோயம்புத்தூர்
22 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணிக்கு,

காவ்யா எழுதுகிறேன். எனக்குத் தமிழ் எழுத்து சரியாக வராது, தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்களும் தீபாவும் நன்றாக இருக்கிறீர்களா? என் உடம்பு பரவாயில்லை. கால் மட்டும் வீங்குகிறது.

வளைகாப்புக்கு உங்களைக் கூப்பிடவில்லை என்று உங்களுக்கு வருத்தம் இருக்கும். அம்மாவும் பெரியம்மாவும் அப்படி முடிவு செய்துவிட்டார்கள். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் நான் சொல்லவில்லை.

உங்கள் டிசம்பர் கடிதம் வந்ததிலிருந்து அவர் சரியாக இல்லை. பதில் எழுத உட்காருகிறார், எழுந்துவிடுகிறார். தினமும் விடிகிற நேரத்தில் போனை எடுத்து, புனேயில் இருக்கிற அந்தக் குளத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். அது இன்னும் அவர் போனில் இருக்கிறது. மழை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு மூடிவிடுகிறார். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.

வசந்தகுமார் சார் போன வாரம் வந்தார். இருவரும் மாடியில் பேசினார்கள். அவர் போன பிறகு இவர் சாப்பிடவில்லை. கேஸ் ஆரம்பித்தால் முதலில் இவர் பெயர்தான் வரும் என்று சொல்லியிருக்கிறார் போல.

அண்ணி, எனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை எழுதாமல் இருக்க முடியுமா? கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

காவ்யா


கட்கி, புனே
2 பிப்ரவரி 2025

தம்பி முகுந்துக்கு,

காவ்யாவின் கடிதம் வந்தது. காலுக்கடியில் தலையணை வைத்துப் படுக்கச் சொல். வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடாததில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் ஒருத்திதான் உங்கள் வீட்டில் நேராக எழுதுகிறாள். எழுதாதே என்கிறாள். அது மட்டும் முடியாது. விசாரணைக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள், மார்ச் கடைசியில்.

நீ எழுதாததை நானே எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

பெட்டியைப் பூட்டக் காரணம் உன் மாமாதான். போன கோடையில் சுத்தம் செய்ய அதை அணைத்தார், திரும்பப் போட மறந்தார், வெயிலில் குளம் வற்றிச் சேர்மனின் மீன்கள் செத்தன. மறுநாளே பெட்டிக்குப் பூட்டு. சாவி வேண்டுமென்றால் ஆபீஸ் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும், மீனுக்கு மறுபடி திட்டு வாங்க வேண்டும். அதற்குப் பதிலாக மச்சானுக்குப் போன் செய்வது சுலபம். "முகுந்து, மழ போட்டுடுடா" என்பார். நீ எங்கள் வீட்டில் தட்டின்முன் உட்கார்ந்து இடது கையால் போனைத் தட்டி, "போட்டாச்சு மாமா" என்பாய். முழுக்க அணைத்தால் ஆபீஸுக்குத் தகவல் போகும், வசந்தகுமார் கேட்பான், மழை போட்டால் எவனும் கேட்கமாட்டான் என்று சிரிப்பாய். நானும் சிரித்தேன். வெயில் கொளுத்தும்போது இவர்கள் இரண்டு பேரும் கோந்த்வாவில் மழை பெய்ய வைக்கிறார்களே என்று.

பிள்ளையாரைக் கரைக்கும் விசர்ஜன் செவ்வாய்க்கிழமை. மறுநாள் காலையே களிமண்ணை வாரிவிடலாம் என்று நினைத்து, புதன் விடியும்போது உன்னை மழை போடச் சொல்லியிருப்பார். நீயும் போட்டாய். ஆனால் சொசைட்டிக்காரர்கள் டோல் மேளம் அடித்து ஆடி முடித்துப் பிள்ளையாரைக் குளத்தில் இறக்கியபோது புதன் மத்தியானம் ஆகிவிட்டது. சுத்தம் வியாழனுக்குப் போயிற்று. இறங்குவதற்கு முன் உன்னைக் கூப்பிட்டு, "மழ இருக்காடா?" என்று கேட்டிருப்பார். நீ தூக்கத்தில் இருந்திருப்பாய். எடுத்துப் பார்க்காமலே இருக்கு மாமா என்றிருப்பாய்.

பெட்டியின் கணக்கில் ஒரு நாள் முடிந்துவிட்டது. இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, அடியில் மிச்சமிருந்த தண்ணீரில் நின்றார். பம்ப் ஓடியது. குழாயில் கரண்ட் வந்தது.

இதை எழுதி முடிக்க எனக்கு மூன்று ராத்திரி ஆயிற்று. உன்னைத் தூக்கில் போட நான் எழுதவில்லை. பூட்டிய பெட்டியை வைத்துக்கொண்டு பூமிக்குக் கம்பி இழுக்காத பம்பை ஓட்டினார்கள். ஒரு சுவிட்சுக்கு ஆகும் செலவு அவர்கள் டோல்காரனுக்குக் கொடுத்த டீச்செலவுக்குக் காணாது. வருஷம் முழுக்க அவர் அதற்குள் இறங்கி ஏறினார், இத்தனை நாள் சாகாததுதான் அதிசயம். உன்னுடையது ஒரு நாள். ஆனால் நீ உன்னுடைய ஒரு நாளை மூடும்போது அவர்களுடைய வருஷத்தையும் சேர்த்து மூடுகிறாய். அதற்காகத்தான் உன்னைக் கோயம்புத்தூரில் மாடி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.

சுவிட்ச் இல்லை என்று எழுது. பம்புக்கு எர்த் இல்லை என்று எழுது. அவர் உன்னோடு பேசினார், தெளிவாகப் பேசினார் என்று எழுது. மழையைப் பற்றி எழுதுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

காவ்யாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்.

அக்கா


கோயம்புத்தூர்
8 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பெண் குழந்தை பிறந்திருக்கிறது. கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டாள், எடை குறைவு, மற்றபடி நலம். காவ்யாவும் நலம். உன்னை மாதிரி நெற்றி. அத்தை நீதான், பெயர் வைக்க நீ வர வேண்டும். யார் என்ன சொன்னாலும் இந்தத் தடவை நான் கேட்கப் போவதில்லை. டிக்கெட் நான் எடுக்கிறேன்.

தீபா பரீட்சை எப்படி எழுதுகிறாள்? கணக்குத்தாள் கஷ்டம் என்று போனில் செய்தி பார்த்தேன்.

உன் கடிதத்தைப் படித்தேன். காவ்யா கையில் கிடைக்கக் கூடாது என்று கிழித்துவிட்டேன்.

அந்தக் குளத்துப் பெட்டியை என் போனிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனிமேல் அதைப் பார்க்க முடியாது.

மாமா நல்ல மனுஷர் என்று நமக்குத் தெரியும், கட்கியில் எல்லோருக்கும் தெரியும். யாரோ ஒரு ரிப்போர்ட்டில் எழுதிவிட்டதால் அது மாறிவிடுமா? அது போதாதா அக்கா? எனக்கும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள்.

வெயில் ஏறுகிறது. தண்ணீர் நிறையக் குடி.

உன் தம்பி
முகுந்த்


கட்கி, புனே
17 மார்ச் 2025

தம்பி முகுந்துக்கு,

குழந்தை தாயோடு நீண்ட ஆயுளாக இருக்கட்டும். எடை குறைந்த குழந்தையை மார்போடு அணைத்தே வைத்திருக்கச் சொல், தீபாவும் அப்படித்தான் தேறினாள். நான் வரவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. லீவு கிடையாது. நல்ல பெயராக வையுங்கள்.

தீபா இன்று கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்தாள். கபடியை நவம்பரிலேயே விட்டுவிட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். சொசைட்டியில் வேலை செய்பவளின் மகள் ஒருத்தி அவள் டீமில் இருந்தாள். அவள் கேட்டிருக்கிறாள், "துஜே பாபா தாரூ பிஊன் படலே நா?" என்று. உங்கப்பா குடித்துவிட்டு விழுந்தவர்தானே. தீபா அவளை அடித்துவிட்டாள். வாத்தியார் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ரிப்போர்ட்டில் எழுதினால் மாறிவிடுமா என்று கேட்டாய். மாறிவிட்டது.

எனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்கிறாய். அவள் அப்பாவை யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். உயிரோடு இருப்பவன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளலாம். உன் மாமாவைப் பற்றி மற்றவர்கள்தான் எழுத முடியும். ஒருவன் எழுதிவிட்டான். மற்றவன் கிழித்துப் போடுகிறான்.

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. வர முடியாவிட்டால் கையெழுத்துப் போட்டு எழுதி அனுப்பு. விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய கவர் இதோடு வைத்திருக்கிறேன்.

அக்கா


கட்கி, புனே
5 ஏப்ரல் 2025

தம்பி முகுந்துக்கு,

குழந்தைக்கு எடை ஏறியதா? இங்கே நாங்கள் இருக்கிறோம்.

விசாரணை கொஞ்ச நேரம்தான் நடந்தது. வசந்தகுமார் வெள்ளைச் சட்டையில் வந்து, சுவிட்ச் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது என்று போட்டோ காட்டினான். போட்டோவில் அதே கம்பம். எங்கள் பக்கம் சாட்சி யார் என்று கேட்டார்கள். தங்கராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். என் தம்பி என்றேன். வந்திருக்கிறாரா என்றார்கள். வசந்தகுமார் தலைகுனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காவது அவ்வளவு வெட்கம் இருந்தது.

ஜூனுக்குத் தள்ளியிருக்கிறார்கள். அதுதான் கடைசி என்றார்கள். தங்கராஜ் அண்ணனுக்கு மாடிப்படி ஏறி இறங்கி மூச்சு வாங்கியது. போகும்போது, "வுட்டுடலாமாம்மா?" என்று கேட்டார். எனக்கும் களைப்பாகத்தான் இருக்கிறது.

இன்னொரு கவர் வைத்திருக்கிறேன்.

அக்கா


கட்கி, புனே
29 மே 2025

முகுந்து,

எல்லோரும் நலமாக இருங்கள். இங்கே இந்த வருஷம் மழை முன்னதாகவே பிடித்துவிட்டது.

இது மூன்றாவது கவர். முதல் இரண்டும் திரும்பவில்லை. உன் கடிதம் ஒன்றும் வரவில்லை. தீபாவளிச் சுடிதார் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

சுவிட்சைப் பற்றி எழுத வேண்டாம். எர்த்தைப் பற்றி, வசந்தகுமாரைப் பற்றி, நீ போட்ட மழையைப் பற்றி எழுத வேண்டாம். வேலையை வைத்துக்கொள். மாடி வீட்டை வைத்துக்கொள். உன் பெண்ணைப் படிக்க வை.

அன்று காலை உன் மாமா உன்னிடம்தான் கடைசியாகப் பேசினார். மகள் கபடி டீமில் சேர்ந்ததைச் சொல்லிச் சிரித்தார். அந்தக் குரலில் குடி இருந்ததா, இல்லையா?

ஒரு வார்த்தை. எழுதி அனுப்பு.